விடுமுறைக்கு மறுநாள்

1

இதை மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோத்தகிரியிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வந்தேன். சாயங்காலம்தான் வண்டி. கோயமுத்தூர் போய், அங்கிருந்து மாறி மாறி மண்டபம் போய்ச் சேர வேண்டும். பதினேழாம் தேதி கப்பலில் என் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். சட்டைப் பையில் ஆறு நாள் லீவுச் சீட்டு இருக்கிறது.

இன்று ஆகஸ்ட் பதினைந்து. ஸ்டேஷன் மாஸ்டர் மகன் கொடியேற்றத்துக்குப் போய்விட்டு ஒரு மிட்டாய் கொண்டுவந்து தந்தான். நான் தலைமன்னாரில் கப்பலேறி இந்த மாதத்தோடு மூன்று வருடம். மூன்று வருடமாக உங்களிடமிருந்து வரும் கடிதங்களை வைத்திருக்கிறேன். அட்டன் பக்கமும் பதுளைப் பக்கமும் தேயிலைத் தோட்டங்களில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறீர்கள். குளிர் நம்ம நுவரெலியா மாதிரியா? அரிசி என்ன அரிசி? நம்ம தமிழ் அங்கே விளங்குமா? லயத்து வீட்டுக்குக் கதவு உண்டா?

லீவு எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன். வருவதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். அந்தக் கணக்கைப் போட்டவனும் நான்தான்.

2

நம்ம தமிழ் விளங்குமா என்ற கேள்விக்கு முதலில் பதில். விளங்கும். ஆனால் சிரிப்பார்கள். இங்கே கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, பெரட்டுக்களம் எங்கே என்று கேட்டேன். காலையில் ஆளெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு நம் ஊரில் வேறு பேர் உண்டா? இங்கே கூடியிருந்த முப்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அறையைக் காம்பரா என்றேன், அதற்கும் சிரித்தார்கள். துரை என்றேன். இங்கே அவர் மேனேஜர். ஒரு வாரத்தில் எல்லாச் சொல்லையும் மாற்றிக்கொண்டேன். எனக்கு எதுவும் சீக்கிரம் வரும். அதுதான் என் பெருமை, கெட்டதும் அதனால்தான்.

கையெழுத்து நன்றாக இருந்ததால் என்னை ஆபீசில் எடுத்தார்கள். ஹெட் கிளார்க் நஞ்சப்பன், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், இருபது வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவர். மரியாதையான மனிதர். என்னைவிட முப்பது வயது மூத்தவர் என்றாலும் என்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். அந்த மரியாதைக்குள் ஒரு குளிர் இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

இங்கே வருடத்துக்கு ஒன்பது பொது விடுமுறை. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கும் சர்க்கார் சொன்னது, மாற்ற முடியாது. மீதி ஐந்தும் பண்டிகை. எந்த ஐந்து என்று வருடா வருடம் ஆட்களைக் கூட்டிக் கேட்டு முடிவு செய்வார்கள். பொங்கல், சித்திரைப் பிறப்பு, ஆயுத பூஜை, தீபாவளி என்று நான்கு போனால் ஐந்தாவதாக இந்த மலையின் பழைய குடிகளான படகர்களின் எத்தையம்மன் பண்டிகை. சிவராத்திரியும், அங்கே நமக்கு லீவாக இருந்த புத்தர் பண்டிகை வெசாக்கும் கேட்டு நம் ஆட்கள் கையைத் தூக்கினார்கள். வெசாக் என்றால் என்ன என்று கேட்டுவிட்டு மேனேஜர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

விடுமுறை அன்று வேலைக்கு வரச்சொன்னால், அதற்குப் பதிலாக வேறொரு நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. அதைப் பதில் நாள் என்போம். எல்லாருக்கும் இது வராது. கொழுந்து பறிக்கிறவர்கள் விடுமுறையில் வீட்டில் இருப்பார்கள். தொழிற்சாலை ஆட்கள் இருக்க முடியாது. முதல் நாள் பறித்த கொழுந்து ராத்திரி முழுக்க வாடி, மறுநாள் காலை அரைக்கத் தயாராக மாடியில் கிடக்கும். அது பண்டிகை பார்க்காது. அதனால் காலை முறைப் பெண்கள் பதினேழு பேரும் தீபாவளி அன்றும் கொழுந்து அள்ளப் போவார்கள். பதில் நாள் சேர்வது முக்கியமாக அவர்களுக்குத்தான்.

யாருக்கு எத்தனை சேர்ந்திருக்கிறது என்பது நஞ்சப்பன் தலைக்குள் இருந்தது. ஆள் வந்து கேட்டால் கூரையைப் பார்ப்பார். "உங்களுக்கு மூணு இருக்குதுங்க" என்பார். அவர் வீட்டுக்குப் பூண்டும் உருளைக்கிழங்கும் கொண்டுபோனவர்களுக்கு மூன்று நான்காகும். நம் ஆட்களுக்குத் தோட்டம் ஏது, உருளைக்கிழங்கு ஏது? அவர்களுக்கு மூன்று எப்போதும் இரண்டுதான். நம் தோட்டத்துக் கிளாக்கர் ஐயாவும் இதைத்தான் செய்தார். கடல் தாண்டியும் அதேதானா என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

3

போன வருடம் டிசம்பரில் மேனேஜர் ஆபீசுக்கு வந்து, ஆட்கள் விடுமுறையை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று புலம்பினார். பொங்கலுக்கு என்று மேட்டுப்பாளையம் இறங்குகிறவன் மூன்று நாள் கழித்துத்தான் ஏறுகிறான். இதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்றார். நஞ்சப்பன் கூரையைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

பத்து நாளில் அட்டை தயார். தேயிலை மாதிரிகளுக்கு ஒட்டும் பழைய லேபிள் கட்டுகளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஆளுக்கு ஒரு அட்டை வெட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒன்பது பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மூன்று சின்னக் கட்டம்: முதல் நாள், விடுமுறை நாள், மறுநாள். விதிகளும் மூன்றுதான். விடுமுறை அன்று வேலை பார்த்தால் பெட்டிக்கு ஒரு பதில் நாள். அனுமதி வாங்கிய லீவு, வந்ததற்குச் சமம். முதல் நாளோ மறுநாளோ காலியாக இருந்தால் அந்தப் பெட்டியைக் குறுக்கே அடித்துவிட வேண்டும், பதில் நாள் கிடையாது.

எழுதத் தெரிந்த யாரிடம் கொடுத்தாலும் ஒரே விடை வரும். கூரையைப் பார்க்க வேண்டாம், பூண்டு வேண்டாம், எந்த ஊர் ஆள் என்று பார்க்க வேண்டாம். ஏப்ரலில் தொடங்கிய அந்த வருடத்துக்கே, பழைய வருகைப் பேரேட்டைப் பார்த்து, எல்லா அட்டைகளையும் பின்தேதியிட்டு நிரப்பினேன். ஜனவரிக் கடைசியில் இருநூற்றுச் சொச்சம் அட்டையும் ஒரு மரப்பெட்டிக்குள் அகர வரிசையில் நின்றன. மேனேஜர் பெட்டியைத் திறந்து, நடுவில் ஒரு அட்டையை உருவி, எழுத்தைத் தடவிப் பார்த்தார். அன்று நான் நடந்து வீட்டுக்குப் போகவில்லை, ஓடினேன்.

நிரப்பும்போது ஒன்று கண்ணில் பட்டது. தொழிற்சாலைப் பெண்களின் அட்டையில் பெட்டிக்குப் பெட்டி மறுநாள் கட்டம் காலி. பதினேழு பேரும் அப்படியே. மேனேஜரிடம் அதைத் தனியாகச் சொன்னேன். இழுத்துக்கொண்டு போகிறவர்கள் பறிக்கிறவர்கள் இல்லை, இவர்கள்தான் என்றேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னேன்.

4

ராக்கம்மா அக்காவை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நான் வந்த கப்பலில்தான் வந்தார். கப்பலில் நான் வாந்தியெடுத்தபோது தலையைப் பிடித்தவர். புருஷன் இல்லை. சின்ன மகன் குமரனை மட்டும் கூட்டி வந்தார். மூத்தவள் தெய்வானை கல்யாணம் ஆனவள் என்பதால் புருஷன் விண்ணப்பத்தோடு தனியாக நின்றுவிட்டாள். அவர்கள் பாஸ்போர்ட் வந்து, பிப்ரவரி கடைசியில் கப்பல் என்று கடிதம் வந்திருந்தது.

மண்டபத்து முகாமில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். இறங்கியதும் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். சொந்தக்காரர் ஒருவர் நேரில் வந்து, தோட்டத்தில் வேலையும் வீடும் உண்டு என்று மேனேஜர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் காட்டினால் அவரோடு அனுப்புவார்கள். இல்லையென்றால் அன்று எந்தப் பட்டியலில் இடம் இருக்கிறதோ அந்த ஊர். சில பேர் நூற்பாலை, சில பேர் ரப்பர் தோட்டம், சில பேர் காடு.

ராக்கம்மா அக்கா கடிதத்தை வாங்கி வைத்திருந்தார். தேவைப்பட்டது ஆறு நாள். போக இரண்டு, வர இரண்டு, முகாமில் இரண்டு. சம்பள நாளன்று வரிசையில் நின்று என் மேசைக்கு வந்தார். ஒன்பது விடுமுறையிலும் வேலை பார்த்திருந்தார், ஒரு பதில் நாளும் எடுக்கவில்லை. இதற்காகவே சேர்த்து வைத்தவர். கேட்கும்போது சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

நான் அட்டையை எடுத்தேன். எட்டுப் பெட்டி அடித்துக் கிடந்தது. எத்தையம்மன் பண்டிகை மட்டும் பிழைத்திருந்தது.

"ஒரு நாள்தான் இருக்கு அக்கா."

"ஒம்பது நாளும் வந்தேனே தம்பி."

"வந்தீங்க. மறுநாள் வரல. எட்டுத் தடவ மட்டம் போட்டிருக்கீங்க, பாருங்க."

அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தும் அட்டையைப் பார்த்தார்.

"மறுநாளு கூப்புடல தம்பி."

"கேட்டா எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க."

பின்னால் நின்ற பறிக்கும் பெண்களில் ஒருத்தி, கோபிப் பக்கத்தவள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "ஏனுங்க, கப்பல்ல வர்றப்ப மிச்ச எட்டு நாளும் கடல்ல உழுந்துருச்சாட்ட இருக்குதுங்க." வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மறைக்கவில்லை.

நஞ்சப்பன் எட்டிப் பார்த்தார். அட்டையைக் கையில் வாங்கி, கட்டங்களின் மேல் விரலை ஓட்டிவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "தம்பி கணக்குங்க. தப்பா இருக்காதுங்க" என்றார்.

சம்பளமில்லாத லீவாவது கொடுங்கள் என்று ராக்கம்மா அக்கா மேனேஜரிடம் போனார். மேனேஜர் அட்டையைக் கேட்டார். நான்தான் கொண்டுபோனேன். எட்டு முறை மட்டம் போட்டவருக்குச் சம்பளமில்லாத லீவும் கிடையாது என்று முடிந்தது. சொல்லாமல் போனால் நான்காம் நாள் பெயரை வெட்டுவார்கள். பெயர் போனால் வீடும் போகும், கடிதத்தில் சொன்ன வேலையும் வீடும் அதோடு போகும்.

அப்போதும் எனக்கு உற்சாகம் குறையவில்லை. கடிதத்தை முகாமுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடலாமே என்று வழி சொன்னேன். முகவரியை நானே எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொன்னேன் அல்லவா.

5

மூன்று வாரத்தில் தபால்காரர் அந்த உறையை என் மேசையிலேயே திரும்பக் கொண்டுவந்து வைத்தார். பெறுநர் முகாமை விட்டுச் சென்றுவிட்டார் என்று குறித்திருந்தது. ஒட்டிய ஓரம் பிரிக்கவே இல்லை.

அடுத்து தெய்வானையின் கார்டு வந்தது. ஆந்திராப் பக்கம் ஏதோ ஒரு நூற்பாலை ஊர். ராக்கம்மா அக்கா கொண்டுவந்து நீட்டினார், நான் படித்தேன். இரண்டு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். அம்மா வருவார் என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னார்களாம். ஆள் நேரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மூன்றாம் நாள் ரயிலேற்றிவிட்டார்கள். சுற்றிலும் தெலுங்கு, ஒன்றும் புரியவில்லை, பிள்ளைக்குப் பால் கேட்கக்கூடக் கையால் காட்ட வேண்டியிருக்கிறது. கடைசி வரி இது: அம்மாவுக்கு வர மனசில்லை என்று இவர் சொல்கிறார், நான் நம்பவில்லை.

அந்த வரியை மெதுவாகப் படித்தேன். அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

6

சித்திரைப் பிறப்புக்கு மறுநாள் காலை, எடைச் சீட்டு ஒன்று தேவைப்பட்டு நானே தொழிற்சாலைக்குப் போனேன். வழக்கமாக ஆபீஸ் பையன் போவான், அன்று அவன் வரவில்லை. உள்ளே சத்தமே இல்லை. மாடி ஏறினேன். கொழுந்தை வாட்டும் தட்டுகள் வரிசை வரிசையாக வெறுமையாகக் கிடந்தன. ஒரு இலை இல்லை. ஃபிட்டர் சாக்குமேல் படுத்திருந்தார். ஏன் யாரும் இல்லை என்று கேட்டேன்.

"நேத்துப் பறிக்கலீங்களே. இன்னிக்கு எப்படிங்க இலை இருக்கும்? காலை முறைய வரவேண்டாம்னு சொல்லிப்போட்டோம். எப்பவும் இப்படித்தானுங்க."

மாடியிலேயே நின்றேன். விடுமுறை அன்று பறிப்பு இல்லை. அதனால் மறுநாள் காலை தொழிற்சாலைக்குக் கொழுந்து இல்லை. அதனால் அந்தப் பெண்களைக் கூப்பிடுவதில்லை. கூப்பிடாத நாளுக்குப் பேரேட்டில் ஒன்றும் எழுதுவதில்லை. என் அட்டைக்கு அது காலிக் கட்டம். காலிக் கட்டம் என்றால் மட்டம். பண்டிகை பார்க்காமல் வேலைக்கு வந்தவர்களின் பண்டிகையைத்தான் என் மூன்றாம் விதி குறி வைத்து அடித்திருக்கிறது. எத்தையம்மன் பண்டிகை பிழைத்த காரணமும் அங்கேயே விளங்கியது. அன்று படகர் வீட்டு ஆட்கள் மட்டும் போனார்கள், மற்றவர்கள் பறித்தார்கள், மறுநாள் மாடியில் இலை இருந்தது, பெண்களைக் கூப்பிட்டார்கள். 'மறுநாளு கூப்புடல தம்பி.' மூன்று சொல்லில் அவர் என் கணக்கின் பிழையைச் சொல்லிவிட்டார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, பறித்தால்தான் இலை என்று தெரியாதா? தெரியும். அட்டைக்குத் தெரியாது, அட்டையைப் போட்டபின் நானும் அதை மறந்துவிட்டேன்.

ஆபீசுக்கு வந்து நஞ்சப்பனிடம் சொன்னேன். அவர் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலீங்களே. படிச்சவிய போட்ட கணக்குல நானெல்லாம் என்னத்தைச் சொல்றதுங்க தம்பி?"

மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். போன வருடக் கணக்கு மார்ச்சோடு கோடு போட்டு முடித்தாகிவிட்டது, முடிந்ததைத் திறந்தால் இருநூறு பேரும் வந்து நிற்பார்கள் என்றார். இந்த வருடமும் விதி அப்படியே ஓடட்டும், கொழுந்து வருகிற காலத்தில் பதினேழு பேருக்கு லீவு கொடுக்க முடியாது, அடுத்த வருடப் பட்டியல் போடும்போது பார்க்கலாம் என்றார். பிறகு ஒரு நல்ல செய்தியும் சொன்னார். என் அட்டையைக் கூடலூர்ப் பக்கத்தில் இன்னும் மூன்று தோட்டங்கள் வாங்கிக்கொண்டு போயிருக்கின்றன. அங்கேயும் தொழிற்சாலை இருக்கிறது. அங்கேயும் காலை முறை இருக்கிறது.

7

ராக்கம்மா அக்காவின் வீட்டுக்குப் போய் நானே சொன்னேன். அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொல்ல மனம் வரவில்லை. அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். குமரன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அவன் இப்போது கோத்தகிரிப் பள்ளியில் படிக்கிறான். லயம் என்று அம்மா சொன்னால் ஊடு என்று திருத்துகிறான். தெய்வானையை அவனுக்குச் சரியாக ஞாபகம்கூட இல்லை.

"அப்ப எனக்கு ஒம்பது இருந்திச்சா?"

"இருந்துச்சு அக்கா."

நறுக்கியதை ஓரமாகத் தள்ளினார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

"அத எழுதிக் குடுங்க தம்பி. ஒம்பது இருந்திச்சு, ஆப்பீசுல குடுக்கலன்னு. சீலு போட்டு. தெய்வானைக்கி அனுப்பணும். மருமகப்பிள்ள கிட்ட காட்டுவா."

மூடிய கணக்குக்கு எதிராக ஆபீஸ் முத்திரையோடு எழுத எனக்கு அதிகாரம் இல்லை. எழுதினால் என் வேலை போகும். என் வேலை போனால் அப்பா அம்மாவுக்குக் கொண்டுபோகக் கடிதம் ஏது? அதை அவரிடம் சொல்லவில்லை. முத்திரை இல்லாமல் என் கையால் எழுதித் தருகிறேன் என்றேன்.

"சீலு இல்லாட்டி அது தம்பி சொல்றதுதானே" என்றார். கத்தியை எடுத்துக்கொண்டார்.

என் பதில் நாட்களை அவருக்கு மாற்ற முடியுமா என்று அன்று யோசித்தேன். தொழிற்சாலை ஓடும் விடுமுறைகளில் ஆபீசிலும் ஒருவர் இருக்க வேண்டும், அது நான்தான். மறுநாளும் ஆபீஸ் உண்டு, எனவே என் கட்டங்கள் எப்போதும் நிறைந்திருக்கும். பிப்ரவரியில் என் அட்டையில் ஏழு நாள் மிச்சம் இருந்தது. அப்போது யோசிக்கவில்லை. மார்ச்சில் கோடு விழுமுன் அந்த ஏழையும் எழுத்தில் அனுமதி வாங்கி இந்த வருடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்படி ஒரு வழி உண்டு. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்களுக்கு.

இன்று காலை பஸ்ஸுக்கு வரும்போது தோட்டம் விடுமுறையில் கிடந்தது. தொழிற்சாலைப் பக்கம் மட்டும் புகை. திருப்பத்தில் ராக்கம்மா அக்கா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். என் கையில் இருந்த பயணப் பெட்டியைப் பார்த்து நின்றார். அப்பா அம்மா வருகிறார்களா என்று கேட்டார். பதினேழாம் தேதி என்றேன்.

"எத்தன நாளு எடுத்தீங்க?"

"ஆறு."

"போதும். நேர்ல போயிருங்க தம்பி. கடுதாசிய நம்பாதீங்க."

 சங்கு ஊதியது, நடந்துவிட்டார்.

இன்று அவர் கொழுந்து அள்ளுவார். நாளை மாடியில் இலை இருக்காது, கூப்பிட மாட்டார்கள். நாளை எனக்கு மறுநாள் கட்டத்தில் லீவு என்று எழுதுவார்கள். அனுமதி வாங்கிய லீவு, வந்ததற்குச் சமம். ராக்கம்மா அக்காவின் கட்டம் காலியாக இருக்கும். நான் ஊரில் இல்லாததால் அந்தப் பெட்டியை நஞ்சப்பன் குறுக்கே அடிப்பார். இருந்திருந்தால் நான் அடித்திருப்பேன்.